வேர்டில் வடிவாக இருந்தது, மெயிலில் ஏன் குழம்புகிறது?

காலமான பெரியம்மாவின் 31ஆம் நாள் நினைவு அழைப்பிதழைக் கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு டைப்செட்டிங் கடையில் அடிக்கக் கொடுத்திருந்தோம். கல்வெட்டும் (இறந்தவர் நினைவாக அச்சிடும் சிறு நூல்) அங்கேதான். கடைத் தம்பி வேர்ட் கோப்பாக பென் டிரைவில் போட்டுத் தந்தார். வீட்டுக்கு வந்து திறந்து பார்த்தேன், வடிவாக இருந்தது. முழுவதையும் தெரிவுசெய்து, கொப்பி பண்ணி, ஜிமெயிலில் பேஸ்ட் பண்ணி, கனடாவிலும் லண்டனிலும் இருக்கிற சொந்தக்காரருக்கு அனுப்பிவிட்டுப் படுத்துவிட்டேன். விடிய ஐந்து மணிக்கு டொரொன்டோவிலிருந்து சித்தியின் மகன் போன் எடுத்தான்.

"அண்ணா, பெரியம்மான்ர அழைப்பிதழ் வந்தது. ஆனா ஒண்டும் விளங்கேல்ல. முழுக்க இங்கிலீஷ் எழுத்தும் அரைப்புள்ளியுமாக் கிடக்கு. உங்கட கொம்பியூட்டருக்கு வைரஸ் ஏதும் பிடிச்சிட்டுதோ?"

என் திரையில் அதே மெயில் இன்னமும் சுத்தத் தமிழில்தான் இருந்தது. கடைக்குப் போய்ச் சொன்னால் தம்பி தன் கணினியில் திறந்து காட்டி, "இஞ்ச பாருங்கோ அண்ணை, வடிவாத்தானே இருக்கு" என்றார். அவர் சொன்னதும் உண்மை, டொரொன்டோக்காரன் சொன்னதும் உண்மை. இரண்டும் எப்படி ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கலாம் என்று விளங்கிவிட்டால், வேர்டிலிருந்து மெயிலுக்குப் போகும் எழுத்துக்கு நடக்கிற கோளாறுகளில் பாதி விளங்கிவிடும்.

கொப்பி பண்ணும்போது என்ன நடக்கிறது என்பதிலிருந்து தொடங்குவோம். வேர்டில் ஒரு பந்தியைத் தெரிவுசெய்து கொப்பி கொடுத்தால், நினைவகத்தில் ஒரே ஒரு பிரதி போய் உட்காருவதில்லை. ஒரே விடயம் பல வடிவங்களில் அங்கே வைக்கப்படுகிறது: அலங்காரம் எதுவுமற்ற வெறும் எழுத்தாக ஒன்று, இணையப்பக்க மொழியான எச்.டி.எம்.எல். ஆக ஒன்று, ஆர்.டி.எஃப். என்ற பழைய ஆவண வடிவத்தில் ஒன்று, படமாகவும் ஒன்று. கொழும்பில் அரசாங்க அலுவலகத்து அறிவித்தல் சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் ஒட்டியிருக்கும், வருகிறவர் தனக்குத் தெரிந்ததை வாசித்துவிட்டுப் போவார் அல்லவா, அதே ஏற்பாடு. பேஸ்ட் கொடுக்கும் இடத்தில் இருக்கும் மென்பொருள் தனக்கு வாசிக்கத் தெரிந்தவற்றில் ஆகச் செழிப்பானதை எடுத்துக்கொள்ளும். விண்டோஸின் நோட்பேட் அடிப்படையில் வெறும் எழுத்துக்கானது, அதையே எடுக்கும். ஜிமெயிலுக்கு எச்.டி.எம்.எல். தெரியும், ஆகவே எழுத்தோடு சேர்த்து அதன் உடுப்பையும் எடுக்கும்.

பிரச்சினை அந்த உடுப்பில்தான். வேர்ட் அச்சுத் தாளுக்காகப் பிறந்த மென்பொருள். ஓரம், பக்கம், பந்திக்குப் பின் இடைவெளி என்று தாளின் கணக்கிலேயே யோசிக்கும். எச்.டி.எம்.எல். ஆக மாறும்போது அந்தக் கணக்கு முழுவதையும் விடாமல் எழுதி வைக்கும். இரண்டு வரிக் கடிதத்துக்குப் பின்னால் பல பக்க விவரம் ஒளிந்திருக்கும். சில வருடங்களுக்கு முன்புவரை சில மெயில்களின் தலையில் 'நோர்மல் 0 ஃபோல்ஸ் ஃபோல்ஸ் ஃபோல்ஸ்' என்று ஒரு மந்திரம் வந்து நிற்பதைப் பலர் பார்த்திருப்பீர்கள். அது வேர்ட் தனக்காக எழுதி வைத்த அமைப்புக் குறிப்பு. மெயில் மென்பொருள் அந்தக் குறிப்பின் உறைகளைக் கழற்றி எறிந்துவிட்டது, உள்ளே இருந்த சொற்களை எறிய மறந்துவிட்டது. அவ்வளவுதான்.

வரிகளுக்கு இடையே காரணமில்லாமல் அகலும் இடைவெளியும் இதே வழியில் வருவதுதான். 2013 முதலான வேர்ட், நாம் எதுவும் சொல்லாமலே ஒவ்வொரு பந்திக்குப் பின்னும் 8 புள்ளி இடமும், வரிக்கு ஒரு மடங்குக்குச் சற்றுக் கூடுதலான உயரமும் வைக்கும். இது தெரியாமல் நாம் பந்திக்குப் பந்தி என்டர் விசையை இரண்டு தரம் தட்டுவோம். மெயிலில் இரண்டும் கூடி ஒரு பெரிய வெள்ளை வெளி விழும். இலக்கமிட்ட பட்டியலை வேர்ட் பல வேளை உண்மையான பட்டியலாக அனுப்பாமல், இலக்கத்தையும் சில வெற்றிடங்களையும் வெறும் எழுத்தாக முன்னால் ஒட்டி அனுப்பும். அதனால் இரண்டாவது வரி உள்ளே தள்ளி நிற்காமல் ஓரத்துக்கு ஓடிவிடும். எழுத்துக்குக் கறுப்பு என்று வேர்ட் குறித்துவிட்டிருந்தால், போனில் இருண்ட பின்னணி வைத்திருப்பவருக்குச் சில வேளை கறுப்பில் கறுப்பாகவே தெரியும். வேர்டின் சுமை கூடி மெயில் ஏறக்குறைய 102 கிலோபைட்டைத் தாண்டினால் ஜிமெயில் மிச்சத்தை வெட்டி, முழுவதையும் பார்க்க ஓர் இணைப்பைக் கீழே வைத்துவிடும். அதை யாரும் அமுக்குவதில்லை என்பது என் அனுபவம்.

அனுப்புகிறவர் அவுட்லுக் பாவித்தால் இதில் எதுவும் அவர் கண்ணில் படாது. 2007ஆம் ஆண்டுப் பதிப்பிலிருந்து அவுட்லுக் மெயிலை வரைந்து காட்டுவதே வேர்டின் இயந்திரத்தை வைத்துத்தான். (அண்மையில் வந்திருக்கும் புதிய அவுட்லுக் இணையத்தை அடிப்படையாகக் கொண்டது, அது வேறு கதை.) வேர்டிலிருந்து வேர்டுக்குப் போனால் கோளாறு எங்கே தெரியப்போகிறது? எதிரே இருப்பவர் ஜிமெயிலிலோ போனிலோ திறக்கும்போதுதான் தெரியும். அவர் மரியாதைக்காகச் சொல்லாமல் விட்டுவிடுவார்.

இந்த வகைக் கோளாறுகளுக்கு மருந்து ஒன்றுதான்: உடுப்பைக் கழற்றிவிட்டு எழுத்தை மட்டும் கொண்டுபோவது. விண்டோஸில் குரோமில் ஜிமெயில் திறந்திருந்தால் கொன்ட்ரோல், ஷிப்ட், வி மூன்றையும் சேர்த்து அமுக்கலாம். அவுட்லுக்கில் பேஸ்ட் தெரிவுகளில் 'எழுத்து மட்டும்' என்பது இருக்கும். இதெல்லாம் நினைவில் நிற்காதவர்கள் முதலில் நோட்பேடில் பேஸ்ட் பண்ணி, அங்கிருந்து மறுபடி கொப்பி பண்ணலாம். நோட்பேட் ஒரு சலவைக்காரர் மாதிரி. ஏற்கெனவே மெயிலில் ஒட்டிவிட்டீர்களானால், ஜிமெயிலின் கீழ்ப்பட்டையில் வடிவமைப்பை நீக்கும் பொத்தான் இருக்கிறது. தடித்த எழுத்தும் பட்டியலும் வேண்டுமென்றால் மெயிலிலேயே புதிதாகப் போட்டுக்கொள்ளுங்கள், இரண்டு நிமிட வேலை.

சரி, ஆங்கிலக் கடிதத்துக்கு இந்த ஆலோசனை போதும். உலகத்தில் எவரும் இதைத்தான் சொல்வார்கள். நானும் அன்று விடிய ஐந்தரைக்கு இதையே செய்தேன். அழைப்பிதழை நோட்பேடில் ஒட்டினேன். பெரியம்மாவின் பெயர் முதற்கொண்டு அவ்வளவும் என் கண் முன்னாலேயே ஆங்கில எழுத்தாக மாறிப்போனது. டொரொன்டோக்காரன் பார்த்தது இதைத்தான்.

ஏனென்றால் அந்தக் கோப்பு பாமினியில் அடிக்கப்பட்டது. இலங்கையில் டைப்செட்டிங் என்று வாழ்நாளில் ஒரு தரமாவது போனவருக்குப் பாமினியைத் தெரியாமல் இருக்காது. அது ஓர் எழுத்துரு. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் எழுத்தின் படங்களை வைத்திருப்பது. 'தமிழ்' என்ற சொல்லைப் பாமினியில் அடிக்க விசைப்பலகையில் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று ஐந்து விசைகளைத் தட்டவேண்டும். திரையில் தமிழ் தெரியும், ஆனால் கோப்புக்குள் சேமிக்கப்படுவது அந்த ஐந்து ஆங்கிலக் குறிகள்தான். கணினியைப் பொறுத்தவரை அங்கே தமிழே கிடையாது, விசித்திரமான ஓர் ஆங்கிலச் சொல் இருக்கிறது, அதற்குப் பாமினி என்ற உடுப்பு போட்டிருக்கிறது. உடுப்பைக் கழற்றினால் தமிழும் கழன்றுவிடும்.

வேர்டும் அதை ஆங்கிலம் என்றே நம்பும் என்பதால் வேறு வேடிக்கையும் நடக்கும். வசனத்தின் முதலெழுத்தைப் பெரிய எழுத்தாக மாற்றும் பழக்கம் வேர்டுக்கு உண்டு. பாமினியில் சின்ன ஜே 'த', பெரிய ஜே 'து'. ஆகவே வசனத்தின் தொடக்கத்தில் 'தமிழ்' என்று அடித்தால் வேர்ட் நல்லெண்ணத்தோடு 'துமிழ்' என்று திருத்தி வைக்கும். அனுபவப்பட்ட டைப்செட்டர்கள் புதுக் கணினி வாங்கியதும் முதல் வேலையாகத் தானியங்கித் திருத்தத்தை நிறுத்திவிடுவார்கள்.

இந்த வியாதி நமக்கு மட்டும் உரியது என்று வெட்கப்படத் தேவையில்லை. பழைய அவுட்லுக்கில் முக்காற்புள்ளியும் அடைப்புக்குறியும் போட்டால் அது சிரித்த முகமாக மாறும். அந்த முகம் விங்டிங்ஸ் என்ற எழுத்துருவில் பெரிய ஜேயின் இடத்தில் இருக்கும் படம். மற்ற இடங்களில் திறந்தவர்களுக்கு வசனத்தின் முடிவில் காரணமில்லாமல் ஒரு ஜே நின்றது. சிரித்த முகத்தை எதிர்பார்த்த இடத்தில் ஒரு மொட்டை எழுத்து. பாமினி வைத்திருக்கும் ஒருவர் அதையே பாமினியில் பார்த்திருந்தால் 'து' என்று வாசித்திருப்பார், அதுவும் ஒருவகையில் பொருத்தம்தான்.

என் திரையிலும் கடைத் தம்பியின் திரையிலும் ஏன் சரியாகத் தெரிந்தது என்பதற்கு இப்போது விடை கிடைத்துவிட்டது. உடுப்போடு ஒட்டியதால் ஜிமெயில் 'இதைப் பாமினியில் காட்டு' என்ற குறிப்பையும் சேர்த்து அனுப்பியது. எங்கள் இருவர் கணினியிலும் பாமினி நிறுவப்பட்டிருந்தது. டொரொன்டோப் போனில் இல்லை, எழுத்துரு இல்லாத இடத்தில் போன் தன்னிடமிருந்த வேறொன்றைப் போட்டு, உள்ளே உண்மையில் இருந்ததைக் காட்டியது. பொய் சொன்னது எங்கள் திரைதான், அவனுடையது அல்ல.

கொழும்பு அலுவலகங்களில் இது இன்னும் ஒரு படி மேலே போகும். 1987இன் 13ஆவது திருத்தத்தோடு தமிழும் அரசகரும மொழியானது, சுற்றறிக்கை மூன்று மொழியிலும் போகவேண்டும். பழைய கோப்புகளில் தமிழ் பாமினியிலும், சிங்களம் எஃப்.எம். அபய போன்ற அதே வகை எழுத்துருவிலும் கிடக்கும். அதை ஒருவர் வெறும் எழுத்தாக மெயிலில் ஒட்டினால் மூன்று மொழியும் இங்கிலீஷாகிவிடும், அதில் ஒன்றுதான் விளங்கும். மொழிச் சமத்துவத்தை இதைவிடச் சுருக்கமாகக் குலைக்க எவராலும் முடியாது.

இதற்கு மாற்று எப்போதோ வந்துவிட்டது. உலக மொழிகளின் எழுத்துகளுக்குத் தனித்தனி எண் கொடுக்கும் நியமமான யுனிகோட் 1991இல் முதல் பதிப்பு வெளியிட்டபோதே அதில் தமிழுக்கு 128 இடங்கள் கொண்ட ஒரு தொகுதி ஒதுக்கப்பட்டிருந்தது. அதில் 'த' என்றால் தமிழ்த் 'த' மட்டும்தான், எந்த எழுத்துரு போட்டாலும் போடாவிட்டாலும். விண்டோஸ் 2000 லதா எழுத்துருவோடு தமிழைக் காட்டத் தொடங்கியது. இலங்கைக் கட்டளைகள் நிறுவனமும் 2008இல் எஸ்.எல்.எஸ். 1326 என்ற நியமத்தை யுனிகோட்டை ஒட்டியே வெளியிட்டது, இங்கே தட்டச்சில் பழகிய ரெங்கநாதன் விசைப்பலகையையும் அதில் சேர்த்துக்கொண்டது. அப்படியிருக்கப் பாமினி ஏன் சாகவில்லை? அச்சகத்தைப் பாருங்கள். அங்கே நெடுநாள் ஆண்டது பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருள். அதன் கடைசிப் பதிப்பான 7.0 2001இல் வந்தது, யுனிகோட் தமிழை ஒழுங்காகக் கோர்க்க அதற்குத் தெரியாது. பாமினியோ அதற்கு வெறும் ஆங்கிலம், ஒரு சிக்கலும் இல்லை. தாளில் அச்சிடும்வரை பாமினியில் எந்தக் குற்றமும் கிடையாது. நாம்தான் தாளுக்குச் செய்ததை மெயிலுக்கு இழுத்துக்கொண்டு வருகிறோம்.

மெயிலுக்கும் ஒரு பழைய கதை உண்டு. 1982இல் அதன் வடிவம் வரையறுக்கப்பட்டபோது 128 குறிகளுக்கு மேல் அதில் இடமில்லை, ஆங்கில எழுத்து, இலக்கம், நிறுத்தற்குறியோடு முடிந்தது. தமிழ், படம், இணைப்பு எல்லாம் போக வழி திறந்தது 1992இல் நதானியல் போரன்ஸ்டைனும் நெட் ஃப்ரீடும் எழுதிய மைம் என்ற நியமத்தால்தான். இன்றும் ஒவ்வொரு மெயிலும் உள்ளே என்ன எழுத்துமுறை என்று தலையில் எழுதிக்கொண்டுதான் புறப்படுகிறது. அந்தத் தலைக்குறிப்பு பிழைத்தால் இன்னொரு வகைக் குழப்பம் வரும்.

ஆகவே குழம்பி வந்த எழுத்தைக் கண்டதும் அழித்துவிடாமல் முதலில் அதன் முகத்தைப் பாருங்கள். அதிலேயே காரணம் எழுதியிருக்கும். வழக்கமான ஆங்கில எழுத்துகளும் நிறைய அரைப்புள்ளிகளும் என்றால் அது பாமினி. பாமினியில் எழுத்துக்கு மேல் வைக்கும் குற்று அரைப்புள்ளி விசையில் இருக்கிறது, தமிழில் குற்று இல்லாத வரி அபூர்வம். எழுத்து பத்திரமாக இருக்கிறது, மாற்றி எடுக்கலாம். தலையில் சாய்ந்த கோடு போட்ட ஏயும், வட்டத்துக்குள் ஆர் போட்ட வணிகக் குறியும் மாறி மாறி வந்தால் அது யுனிகோட் தமிழ்தான், வாசிக்கிற மென்பொருள் எழுத்துமுறையைப் பிழையாக எடுத்துக்கொண்டது. யுனிகோட்டைக் கோப்பில் எழுதும் யு.டி.எஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட், 'தமிழ்' என்ற சொல்லுக்கு 15. அந்த மூன்றில் முதலாவதைப் பழைய மேற்கத்திய முறையில் வாசித்தால் அந்தச் சாய்கோட்டு ஏ கிடைக்கும். ஆங்கிலக் கடிதத்தில் மேற்கோள் குறி இருந்த இடத்தில் தொப்பி போட்ட ஏ, யூரோ, ட்ரேட்மார்க் என்று மூன்று குறி நிற்பதும் இதே காரணத்தால். வேர்ட் நேரான மேற்கோளை வளைந்த மேற்கோளாக மாற்றி வைத்திருக்கும், அந்த வளைவுக்கும் மூன்று பைட்.

வெறும் சதுரப் பெட்டிகள் தெரிந்தால் பயப்படத் தேவையில்லை, அந்தக் கருவியில் தமிழ் எழுத்துரு இல்லை, வேறொரு போனில் திறந்தால் சரி. ஆனால் வரிசையாகக் கேள்விக்குறிகள் வந்திருந்தால் ஆள் போய்விட்டார் என்று அர்த்தம். இடையில் ஏதோ ஒரு பழைய மென்பொருள் தனக்குத் தெரியாத எழுத்து ஒவ்வொன்றையும் கேள்விக்குறியாக மாற்றிவிட்டது, அந்த மெயிலிலிருந்து தமிழை மீட்க முடியாது. அனுப்பியவரிடம் திரும்பக் கேட்பதுதான் வழி.

பாமினிக்கு வருவோம். மாற்றி எடுக்க இணையத்தில் இலவச மாற்றிகள் பல இருக்கின்றன. பெட்டியில் பாமினியை ஒட்டினால் மறுபக்கம் யுனிகோட் வரும். கேட்க எளிதாக இருந்தாலும் மாற்றிகளின் வேலை அவ்வளவு எளிதல்ல. 'இலங்கை' என்ற சொல்லைப் பாருங்கள். பாமினியில் அது கால்புள்ளி, வை, கியூ, அரைப்புள்ளி, ஐ, எஃப். கடைசி இரண்டைக் கவனியுங்கள்: கண்ணுக்குத் தெரிகிற வரிசைப்படி ஐகாரக் குறி முதலில், ககரம் பிறகு. யுனிகோட்டில் ககரம் முதலில், குறி பிறகு, உச்சரிக்கிற ஒழுங்கில். ஆகவே எழுத்துக்கு எழுத்து மாற்றினால் போதாது, ஏ, ஐ, ஓ எல்லாவற்றையும் இடம் மாற்றி அடுக்கவேண்டும். நல்ல மாற்றிகள் இதைச் சரியாகச் செய்யும். ஔகாரக் குறியின் பின்பாதியும் ளகரமும் பார்வைக்கு ஒன்றாக இருப்பதால் 'கௌரி' போன்ற பெயர்களில் தடுமாறுவதுண்டு. மாற்றிய பிறகு ஆட்களின் பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்துப் பாருங்கள். மரண அறிவித்தலில் பெயர் பிழைத்தால் அதை அந்தச் சொந்தம் இருபது வருடம் சொல்லிக்காட்டும்.

ஆங்கிலமும் தமிழும் கலந்த கோப்பாக இருந்தால் இன்னொரு பொறி. மாற்றிக்கு எது உண்மையான ஆங்கிலம், எது பாமினி வேஷம் போட்ட தமிழ் என்று தெரியாது. எங்கள் அழைப்பிதழின் அடியில் இருந்த மின்னஞ்சல் முகவரியில் 'ஜிமெயில் டொட் கொம்' என்ற பகுதி 'பஅயடை.உழஅ' என்று வந்தது. கால்புள்ளிகள் எல்லாம் 'இ' ஆயின. ஆங்கிலப் பகுதிகளை முதலே வெட்டி எடுத்து வைத்துவிட்டு, தமிழை மட்டும் மாற்றி, பிறகு ஒட்டினால்தான் தப்பலாம். நான் இதை இரண்டாவது முறைதான் செய்தேன்.

அவசரத்துக்கு வேறு வழிகளும் உண்டு. பாமினிக் கோப்பைப் பி.டி.எஃப். ஆகச் சேமித்து இணைப்பாக அனுப்பினால் எழுத்துருவும் கூடவே உள்ளே பொதிந்து போகும், எந்தப் போனிலும் சரியாகத் தெரியும். தேடினால் தமிழில் அகப்படாது, கொப்பி பண்ணினால் மறுபடி ஆங்கிலம்தான், ஆனால் அழைப்பிதழுக்கு அது பெரிய குறையல்ல. நம் சனம் செய்வது அதையும்விடச் சுருக்கம், திரையைப் போட்டோ எடுத்து வட்ஸ்அப்பில் போட்டுவிடுவது. அதில் தவறு ஒன்றும் இல்லை. வயதானவர்கள் பெருப்பித்துப் பார்க்கவும் அது வசதி. பதில் எழுதவோ, சேர்த்து வைக்கவோ, நாளைக்குத் தேடி எடுக்கவோ வேண்டிய கடிதங்களுக்கு மட்டும் யுனிகோட்டைத் தவிர வேறு வழியில்லை.

பாமினி பழகிய கை யுனிகோட்டுக்கு மாறாது என்று சொல்கிறவர்களுக்கு ஒரு தகவல்: இ-கலப்பை, என்.எச்.எம். ரைட்டர் போன்ற இலவச மென்பொருள்களில் பாமினி விசைப்பலகையே தெரிவாக உண்டு. விரல் அதே விசையைத் தட்டும், கோப்பில் யுனிகோட் ஏறும். இதைக் கடைத் தம்பிக்குக் காட்டியபோது அவர் முதலில் நம்பவில்லை. 'இலங்கை' என்று அடித்து, அதை நோட்பேடில் ஒட்டி, அது 'இலங்கை'யாகவே நிற்பதைக் கண்ட பிறகு இன்னொரு தரம் அடித்துப் பார்த்தார்.

போன மாதம் பழைய மாணவர் சங்கக் கடிதம் ஒன்றை அடிக்கக் கொடுக்க அதே கடைக்குப் போனேன். கையெழுத்துப் பிரதியை வாங்கி மேசையில் வைத்துவிட்டு, விசைப்பலகையில் கை வைக்குமுன் தம்பி கேட்டார்: "அண்ணை, இது அச்சுக்கோ, மெயிலுக்கோ?"